அத்தை வீட்டு மாடியில் பதினேழு சாயங்காலம்

பந்தலூர் தாலுக்காவில், சேரம்பாடியைத் தாண்டிக் கேரள எல்லையை ஒட்டி எங்கள் அத்தை வீடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள்தான் அந்தப் பக்கம் நிறைய. வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, அதற்கு மேலே சோலை. சின்ன வயதிலிருந்தே கரடியைப் பார்த்திருக்கிறேன், ஆனால் எப்போதும் முதுகைத்தான். தேயிலைக்குள் ஒரு கருப்பு அசையும், மறையும். அதன் முகத்தை ஒரு தடவையாவது தெளிவாகப் படம் எடுக்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. அது நிறைவேற மூன்று வருஷம் ஆனது.

ஆசையைக் கிளப்பியது அலாஸ்காவின் பழுப்புக் கரடிகள். புரூக்ஸ் அருவியில் சால்மன் மீன் துள்ள, கரடி வாயைத் திறந்து நிற்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு பக்கத்தில் மனிதர்கள் நின்று எடுக்கிறார்களே, நம்மால் முடியாதா என்று நினைத்தேன். அங்கே மேடை கட்டி, மனிதர் எங்கே நிற்கலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் படித்தேன். அதே அலாஸ்காவில் கரடி பார்க்கப் போகும் மெக்நீல் ஆற்றுக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குத்தான் அனுமதி, அதுவும் குலுக்கல் முறையில். மீன் வயிறு நிறையக் கிடைக்கிறது, மனிதர்கள் வருஷக்கணக்காக ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். அதனால்தான் அந்தக் கரடிகள் நம்மைச் சட்டை செய்வதில்லை.

நம் ஊர்க் கரடி வேறு இனம். தேன்கரடி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். இந்தியாவில் பழுப்புக் கரடி இமயமலைப் பக்கம்தான். தேன்கரடி புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகியது, மரம் ஏறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறிவிடும். அதனால் திடுக்கிட்டால் ஓடுவதைவிட எதிர்த்து நிற்பதுதான் அதன் பழக்கம். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் முதல் வருஷம் கிளம்பினேன்.

2022 மார்ச். காலையில் தேயிலைக்குள் தோண்டும் சத்தம் கேட்டது. கேமராவைத் தூக்கிக்கொண்டு பாதையில் மெல்ல மேலே போனேன். வளைவு திரும்பியதும் பத்துப் பதினைந்து அடியில் கரடி, கரையான் புற்றுக்குள் தலையை விட்டபடி. என்னைப் பார்த்ததும் பின்னங்காலில் எழுந்து நின்றது. மார்பில் வெள்ளை வளைவு, விரல் நீள நகங்கள். ஒரு படம்கூட எடுக்கவில்லை. கை வரவில்லை. பேசாமல், முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினேன். அது ஒரு முறை உறுமிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போய்விட்டது. அன்று நான் பிழைத்தது அந்தக் கரடி எடுத்த முடிவால்தான்.

அப்புறம் தேன் எடுக்கப் போகும் காட்டுநாயக்கர் பழங்குடிப் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவருடைய சித்தப்பா மகனுக்குக் கரடி தாக்கி ஒரு கண் போயிருக்கிறது. அவர் திட்டவில்லை. "புத்து தோண்டும்போது அதுக்குத் தன் சத்தம் மட்டும்தான் கேட்கும் தம்பி. நீ கிட்டப் போறது தெரியாது. தெரியும்போது, தப்பிக்க நேரமில்லைன்னு உன்மேல வரும். கண்ணு அவ்வளவு கூர்மை இல்ல, மூக்குதான் அதுக்கு எல்லாம். நீ உட்காரு. அது வரட்டும்" என்றார்.

இரண்டாவது வருஷம் முழுக்க உட்கார இடம் தேடினேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். தேன்கரடி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு. எனவே பட்டா நிலத்திலிருந்துதான் எடுப்பது என்று முடிவு செய்தேன். கடைசியில் இடம் கிடைத்தது அத்தை வீட்டு மொட்டை மாடியிலேயே. வீடு கட்டும்போது பின்பக்கச் சரிவை வெட்டி இறக்கியதால் நடுவில் ஆழமான பள்ளம். அதற்கு அப்பால், மாடியின் மட்டத்திலேயே, முப்பது மீட்டர் தள்ளி ஒரு பெரிய கரையான் புற்று. அதாவது கரடியின் கண் உயரமும் என் லென்ஸ் உயரமும் ஒன்று. மாடிப்படி வீட்டுக்குள்ளிருந்து ஏறும், கதவைத் தாழ் போட்டுக்கொள்ளலாம்.

காற்றும் அங்கே எனக்குச் சாதகம். பகலில் வெயிலில் சூடேறிய காற்று சரிவில் மேலே ஏறும். பொழுது சாயும்போது குளிர்ந்து கீழே இறங்கும். ஐந்தரைக்கு மேல் ஊதுபத்தி கொளுத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வாரம் பார்த்தேன். நன்றாக இருட்டும்வரை அது சோலையிலிருந்து என் பக்கம்தான் வந்தது. என் வாசனை மேலே போகாது. (படம் எடுக்கும் நாட்களில் ஊதுபத்தி, சோப்பு வாசனை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.)

பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், புற்றருகே பலாச்சுளையும் வெல்லமும் வைத்தால் தினமும் வரும் என்றான். அத்தை விடவில்லை. "இன்னைக்குப் படத்துக்கு வெச்சா, நாளைக்கு அடுப்படிக்கு வரும். கோயில் எண்ணெய்க்கு வந்தது போதாதா?" என்றார். விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் வாசத்துக்குக் கரடி கோயில் கதவை உடைப்பது நீலகிரியில் நடப்பதுதான். எங்கள் மாரியம்மன் கோயிலிலும் நடந்தது. அத்தை சொன்னதில் மறுபேச்சுக்கு இடமில்லை.

மூன்றாவது வருஷம் ஏப்ரலில் பதினேழு சாயங்காலம் உட்கார்ந்தேன். பதினாறு நாள் ஒன்றுமில்லை. மயில் வந்தது, காட்டுக்கோழி வந்தது, இரண்டு நாள் மழை.

பதினேழாவது நாள் ஆறு மணி தாண்டி, முதலில் சத்தம்தான் வந்தது. ஊதுவதும் உறிஞ்சுவதுமாக மாறி மாறி. மேல்வரிசை முன்பற்களில் இரண்டு தேன்கரடிக்குக் கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான், மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கரையானை உறிஞ்சுகிறது. தேயிலை விலகியது. தாய்க்கரடி. அதன் முதுகில், தோள்பட்டை முடியை இரு கையாலும் இறுகப் பிடித்தபடி ஒரு குட்டி.

100-400 மி.மீ. ஜூம் லென்ஸ், ஆடாமலிருக்க பீன்ஸ் அடைத்த பை மேல் வைத்தது. ஷட்டர் சத்தத்தை முன்பே நிறுத்தியிருந்தேன். கருப்பு முடி ஃபிரேம் முழுக்க வந்தால் கேமரா இருட்டென்று நினைத்து வெளுக்க வைத்துவிடும், அதனால் கேமராவில் ஒளி அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன். மங்கிய வெளிச்சத்துக்காக ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் வேகம் 1/200 நொடி. ஃபோகஸை முகத்துக்கு வைக்காமல் கண்ணுக்கு வைத்தேன். அந்தக் கருப்பில் கண் சின்ன மணி மாதிரிதான் தெரியும். அது தப்பினால் படமே இல்லை.

கீழே சாலையில் ஓர் ஆட்டோ ஹாரன் அடித்தது. தாய் தலையைத் தூக்கியது. மூக்கு நுனியில் செம்மண், தொங்கும் நீள உதடு, மேலே குட்டியின் முகம். இரண்டும் ஒரே திசையில் பார்த்தன. நான்கு படம் எடுத்தேன். ஒன்றில்தான் இரண்டு பேரின் கண்ணும் தெளிவாக இருந்தது. அப்புறம் கேமராவைக் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருட்டிய பிறகு குட்டி மறுபடி முதுகில் ஏற, தாய் சோலைக்குத் திரும்பியது. அதுவரை அத்தை அடுப்படி விளக்கைப் போடவில்லை.

படத்தை எடுத்த இடத்தை யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை, இங்கும் சொல்லவில்லை. புற்றைத் தேடி நான்கு பேர் கேமராவோடு பாதையில் ஏறினால், 2022இல் நான் நின்ற அதே வளைவில்தான் அவர்கள் நிற்பார்கள். கோயில் எண்ணெய் இப்போது ராத்திரி பூசாரி வீட்டில் இருக்கிறது. பலா பழுக்கும் முன்பே பறித்துவிடுகிறோம்.

படத்தைப் பெரியவரிடம் போனில் காட்டினேன். குட்டியின் கையைப் பெரிதாக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். "பெண் குட்டியா இருக்கும்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.