மலேரியாவெண்டா என்னம்மா?

போன மாரிக்கு மகளுக்கு நல்ல காய்ச்சல், ரெண்டு நாளாகியும் விடேல்லை, டெங்குவா இருக்குமோ எண்ட பயத்தில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் குடுத்திட்டு வந்து படுக்க வைக்க, அம்மா வாசலில இருந்துகொண்டு "பிள்ளை நடுங்கினவளோ, மலேரியாவோ தெரியாது" எண்டு சொன்னா. போர்வைக்குள்ளால தலையை நீட்டி மகள் கேட்டாள், "மலேரியாவெண்டா என்னம்மா?"

அவளுக்குப் பத்து வயசு. வன்னியிலயே பிறந்து வளர்ந்தவள். அந்தச் சொல்லே அவளுக்குத் தெரியாது! எனக்கு உடன பதில் வரேல்லை, கண் கலங்கிட்டுது. (அவளுக்கு டெங்குவும் இல்லை, சும்மா வைரஸ் காய்ச்சல்தான்.)

96இல சண்டையால கிளிநொச்சியை விட்டிட்டு மல்லாவிப் பக்கம் போய் ஆற்றையோ காணியில தறப்பாள் கட்டி இருந்தனாங்கள். வீட்டில ஆறு பேர், ஆறு பேருக்கும் குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா, வந்தது, எனக்கு மட்டும் மூண்டு தரம். ஒருநாள் விட்டு ஒருநாள், சொல்லி வைச்ச மாதிரி வரும், பல்லுக் கிட்டும், இருக்கிற சாக்கு பாய் எல்லாத்தையும் மேல போட்டாலும் குளிர் போகாது, பிறகு ஒரேயடியா வேர்த்துக் கொட்டும், அடுத்தநாள் ஒண்டுமே நடக்காத மாதிரி எழும்பித் தண்ணி அள்ளப் போவம். குளோரோகுயின் குளிசையின்ர கசப்பு இப்பவும் நாக்கில நிக்குது. அதுக்குப் பிறகு கடிக்க அம்மா ஒரு துண்டுப் பனங்கட்டி ஒளிச்சு வைச்சிருப்பா. பக்கத்துக் கொட்டில் பிள்ளைக்கு மூளை மலேரியா, நாலு வயசு, காப்பாத்த ஏலாமல் போட்டுது.

1999இல நாடு முழுக்க 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு மேல மலேரியா, அதில வடக்குக் கிழக்குப் பங்கு பெரிசு. 2012 ஒக்டோபரில இந்த நாட்டுக்குள்ள தொத்தின கடைசி ஆளைக் கண்டுபிடிச்சவை, 2016 செப்டெம்பரில உலக சுகாதார நிறுவனம் இலங்கையில மலேரியா இல்லை எண்டு சான்றிதழ் குடுத்தது. சண்டை முடிஞ்சபடியாத்தான் மலேரியாவும் போனது எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடியில்லை. 2009இல சண்டை முடியேக்கையே அது சில நூறு பேருக்கு வாற வருத்தமாக் குறைஞ்சிட்டுது, அதாவது முக்கால்வாசி வேலையும் சண்டைக் காலத்திலதான் நடந்தது. நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறது இதைத்தான். கொழும்பில இருந்த மலேரியாத் தடுப்புக்காரரும் இஞ்சால இருந்த சுகாதாரக்காரரும் தொடர்பை விடேல்லை, பொருளாதாரத் தடைக்குள்ளயும் சோதனைச் சாவடியெல்லாம் தாண்டிக் குளிசை வந்தது, பிறகு மருந்து போட்ட நுளம்பு வலை வந்தது. போலியோச் சொட்டு மருந்துக்கும் அப்பிடித்தான், 90களின்ர நடுவில அதுக்கெண்டு நாள் குறிச்சு ரெண்டு பக்கமும் சுடாமல் இருந்தவை.

எங்களிட்ட வந்தது ஒரு அண்ணை. பழைய சைக்கிள், பின்னால ஒரு பெட்டி, அதுக்குள்ள கண்ணாடித் துண்டுகள். விரலில குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பூசிக்கொண்டு போவார், முடிவு வந்தால் திரும்பக் குளிசையோட வருவார். காய்ச்சல் விட்டபிறகும் "முழுக்கப் போட்டு முடிக்கோணும் தங்கச்சி" எண்டு முன்னுக்கு நிண்டு விழுங்கப் பண்ணுவார். அவரும் இடம்பெயர்ந்த ஆள்தான், அவருக்கும் நடுங்கிற நாள் இருந்தது. பேர் கூட எனக்கு ஞாபகமில்லை. மனுசர் உருப்படமாட்டினம் எண்டு ஆரும் சொல்லேக்க எனக்கு அவற்ற சைக்கிள்தான் ஞாபகம் வரும்.

உலகம் முழுக்கப் பாத்தாலும் இப்பிடித்தான் கிடக்கு. 1990இல அஞ்சு வயசுக்குள்ள செத்த பிள்ளைகள் 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேல, 2022இல 49 இலட்சம். 49 இலட்சமும் தாங்கேலாத கணக்குத்தான், ஆனா இந்த இறக்கம் தானா வரேல்லை, தடுப்பூசி, நல்ல தண்ணி, வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடுக்கிற ஜீவனிப் பைக்கற்று மாதிரிச் சின்னச் சின்னச் சாமான்கள், அதுகளை வீடு வீடாக் கொண்டுபோன ஆக்கள். பெரியம்மை உலகத்தை விட்டே போட்டுது எண்டு 1980இல அறிவிச்சவை. மலேரியாவால இப்பவும் வருசத்துக்கு 6 இலட்சம் பேரளவில சாகினம், கூட ஆபிரிக்கச் சின்னப் பிள்ளைகள், அதுக்கும் 2021இல ஒண்டு, 2023இல இன்னொண்டு எண்டு ரெண்டு தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் சிபாரிசு செய்திட்டுது. அந்த நாலு வயசுப் பிள்ளையை நினைச்சுக்கொண்டுதான் அந்தச் செய்தியை வாசிச்சனான்.

சண்டையில கண்ணிவெடி விதைச்ச முகமாலைப் பக்கம் போனாலும் எனக்கு இதே எண்ணம்தான் வரும். கொதிக்கிற வெயிலில பாரமான அங்கியோட முழங்காலில இருந்து மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டிற பொம்பிளைப் பிள்ளைகள். கண்ணிவெடி எடுத்த காணியில பிறகு கச்சான் போடுவினம், வீடு கட்டுவினம்.

ஒண்டு சொல்லோணும், இந்த முன்னேற்றமெல்லாம் திரும்பிப் பின்னாலயும் போகும். 1963இல இலங்கை முழுக்க மலேரியாக்காரர் வெறும் 17 பேர். இனி முடிஞ்சுது எண்டு மருந்தடிக்கிறதை விட்டவை, பாக்கிறதையும் குறைச்சவை, 1969இல மட்டும் 5 இலட்சத்துக்கு மேல. அந்த 17ஐ நினைச்சால் எனக்குப் பயமா இருக்கும். இப்பவும் நுளம்பு இருக்கு, மன்னாரில புது இனம் ஒண்டையும் 2016இல கண்டுபிடிச்சவை, நகரத்துக் கிணறு தொட்டியிலயும் பெருகிற வகை.

ரெண்டு மாசத்துக்கு முன்னம் முன்வீட்டுத் தம்பி ஆபிரிக்காவில வேலை முடிஞ்சு வந்தவன். வந்து ஒரு கிழமைக்குள்ள பீஎச்ஐ, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மோட்டார்சைக்கிளில வந்திட்டார், ரத்தம் பாக்கோணுமாம். "எனக்கு ஒரு காய்ச்சலும் இல்லையே அண்ணை" எண்டு அவன் சொல்ல, "இல்லாட்டியும் பாக்கோணும் தம்பி" எண்டு பெட்டியைத் திறந்தார். மகள் மதிலுக்கு மேலால எட்டிப் பாத்துக்கொண்டு நிண்டவள், குத்தேக்க கண்ணை மூடினாள். தம்பியின்ர அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தா, அவர் நிண்டபடியே குடிச்சிட்டுக் கண்ணாடித் துண்டைக் கவனமாப் பெட்டிக்குள்ள வைச்சுக்கொண்டு வெளிக்கிட்டார்.