கணக்கு சார் கேட்ட கேள்விகள்

கணக்கு சார் காலமான வருஷத்து நம் பழைய மாணவர் மலரில் வேறு யாரைப் பற்றி எழுத மனசு வரும்? அவருடைய அல்ஜீப்ராவைப் பற்றி நிறையப் பேர் எழுதுவீர்கள். அவர் சண்டை தீர்த்து வைத்த விதத்தை நான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன் என்னை எல்லோர் முன்னாலும் "திருட்டுப் பய" என்று கத்தினான். அவனுடைய ஜாமெட்ரி பாக்ஸ் என் டெஸ்க்குக்குள் கிடந்தது, எப்படி வந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வகுப்பே திரும்பிப் பார்க்க, எனக்குக் காது மடல் சுட்டது, நாக்கு எழவில்லை. சார் பிரம்பை எடுக்கவில்லை. சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"அவன் எடுத்ததைக் கண்ணால பாத்தியாடா?"

"இல்ல சார்."

"அப்ப பாத்தத மட்டும் சொல்லு."

"என் பாக்ஸ் அவன் டெஸ்க்குல இருந்துச்சு சார்."

அவ்வளவுதான், திருடன் என்ற சொல் அங்கேயே விழுந்துவிட்டது. அப்புறம், பாக்ஸ் காணோம் என்றதும் உனக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். பயமாக இருந்தது, இதையும் தொலைத்தால் அப்பா பெல்ட்டை எடுப்பார் என்று அவன் அழுதே விட்டான். சார் என் பக்கம் திரும்பி, "பதில் பேசறதுக்கு முன்னாடி, அவன் சொன்னதை நீ ஒரு தடவை சொல்லு" என்றார். சொல்லச் சொல்ல என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பிறகு எனக்கு என்ன வேண்டும் என்றார். எந்த வாயால் என்னைத் திருடன் என்றானோ அதே வாயால், இதே வகுப்பில், "இவன் எடுத்ததை நான் பாக்கல" என்று அவன் சொல்ல வேண்டும் என்றேன். சொன்னான்.

பல வருஷம் கழித்து இங்கே மெல்போர்னில், ஆபீஸில் ஒரு பயிற்சி வகுப்பு. வன்முறையற்ற தொடர்பாடல் என்ற முறை, 1960களிலிருந்து அதை வளர்த்தெடுத்தவர் மார்ஷல் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர். பார்த்ததைத் தீர்ப்புக் கலக்காமல் சொல், மனசில் பட்டதைச் சொல், அதற்கு அடியில் இருக்கும் தேவையைச் சொல், அப்புறம் செய்யக்கூடிய ஒன்றைக் கேள். கேட்டதை மற்றவர் மறுக்கலாம், மறுத்தால் தண்டிப்பேன் என்றால் அது கட்டளை ஆகிவிடும். காந்தி சொன்ன பொருளிலேயே 'வன்முறையற்ற' என்ற சொல்லை எடுத்துக்கொண்டதாக ரோசன்பெர்க் எழுதியிருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதுரையில் தமுக்கத்துப் பக்கம் காந்தி மியூசியத்தில், காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த அந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் சார் நம்மைப் பேசாமல் நிற்க வைப்பாரே, அந்த ஞாபகம்தான். 1921 செப்டம்பரில் காந்தி அரையாடைக்கு மாறியது நம்ம மேலமாசி வீதியில் என்று அங்கே வைத்துத்தான் சொல்வார்.

இந்த முறையை வீட்டிலும் வேலையிலும் பழகி வருகிறேன். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று யார் ஆரம்பித்தாலும் அந்தப் பேச்சு உருப்படுவதில்லை. "நேத்து நாலு மணிக்கு வரேன்னு சொன்ன, ஆறுக்கு வந்த" என்றால் எதிராளி காது கொடுக்கிறார்.

ரிட்டயரான பிறகு செல்லூரில் குழாயடிச் சண்டை, பாகப்பிரிவினை என்று சாரைத் தேடி ஆட்கள் வந்தார்களாம். அந்தத் திண்ணையில் ஒரு நாளாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், நான்தான் ஊரில் இல்லை. பெரியவர்களின் கோபத்தை, சொத்துக்காகப் பேச்சை நிறுத்திவிட்ட அண்ணன் தம்பியை அவர் எப்படிப் பேச வைத்தார் என்று தெரியாமலேயே போய்விட்டது. மதுரையிலேயே இருந்துவிட்ட நீங்கள் யாராவது பார்த்திருப்பீர்கள். ஒரு சண்டையாவது, அவர் கேட்ட கேள்வி மாறாமல், அடுத்த மலருக்கு எழுதி அனுப்புங்கள்.