காரம் உறைக்காத எலிகள்

நாக்அவுட் எலி (ஒரு மரபணுவை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்த எலி) வைத்து வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்று புதிதாகச் சேர்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். நான் ஆராயும் அயனிச் சேனல் (நரம்பணுவின் சவ்வில் அயனிகளை உள்ளே விடும் கதவு) டி.ஆர்.பி.வி.1. மிளகாயில் இருக்கும் கேப்சைசின் பட்டாலும் திறக்கும், 43 டிகிரியைத் தாண்டிய சூடு பட்டாலும் திறக்கும். 1997-ல் இதன் மரபணுவைக் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸ் குழு. 2000-லேயே இது இல்லாத எலிகள் வந்துவிட்டன.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்த பிறகு பெரும்பகுதி நேரம் இனப்பெருக்கத்திலேயே போகும். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டுப்போன ஆணையும் பெண்ணையும் சேர்த்தால் குட்டிகளில் கால் பங்குதான் முழு நாக்அவுட், அதுவும் கணக்குப்படி. ஒரு ஈற்றில் ஒன்றுகூட இல்லாமலும் போகும். நாக்அவுட்டைத் தனியாக வளர்த்து, ஒப்பிட சாதாரண எலியை வெளியே வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். கூடப்பிறந்த குட்டியோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் அந்த மரபணுவால் வந்தது என்று தைரியமாகச் சொல்ல முடியும். காதில் துளி திசு எடுத்து பி.சி.ஆர். (மரபணுத் துண்டைப் பல நகல்களாகப் பெருக்கும் சோதனை) போட்டால் ஜெல்லில் பட்டை காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு பட்டை வந்தால் கலப்பு, அதாவது ஒரு பிரதி மட்டும் கெட்டது.

சோதனை செய்பவருக்கு எது எந்த எலி என்று தெரியக்கூடாது, எண் மட்டும்தான். ஆனால் பாதத்தில் கேப்சைசின் ஊசி போட்டதுமே குட்டு உடைந்துவிடும்: சாதாரண எலி காலைத் தூக்கி நக்கோ நக்கென்று நக்கும், நாக்அவுட் பாட்டுக்குக் கூண்டைச் சுற்றி வரும். அதனால் சூட்டுத்தட்டுச் சோதனையை முதலில் முடித்துவிடுங்கள். தட்டில் நாக்அவுட்டும் காலை எடுக்கும், தாமதமாக. (பாதம் வெந்துவிடாமல் இருக்க நேர வரம்பு வைத்தே ஆகவேண்டும்.) சேனலே இல்லை, அப்புறம் சூடு எப்படித் தெரிகிறது? 2018-ல் பெல்ஜியத்தின் லூவென் குழு சூட்டை உணரும் வேறு சேனல்களான டி.ஆர்.பி.எம்.3, டி.ஆர்.பி.ஏ.1 இரண்டையும் சேர்த்து மூன்றையும் நீக்கிய பிறகுதான் எலிகள் சூட்டிலிருந்து சட்டென்று விலகுவது நின்றது.

நரம்பணுக்களைப் பிரித்துக் கால்சியம் அளக்கும்போது (சேனல் திறந்தால் கால்சியம் உள்ளே புகும், அணுவில் ஏற்றிய சாயம் ஒளிரும்) கடைசியில் பொட்டாசியம் குளோரைடு விட மறக்காதீர்கள். கேப்சைசினுக்கு அசையாத அணு அதற்கு ஒளிர்ந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், இல்லையென்றால் அந்த அணுவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம் கேப்சைசின் தூளை நிறுக்கும்போது கையுறையோடு மாஸ்க்கும் போடுங்கள், உங்களிடம் அந்தச் சேனல் நன்றாகவே வேலை செய்கிறது.