யோசிக்க வேண்டாமாம்!

எங்கள் பக்கத்து அரச ஆஸ்பத்திரியில் உளநலக் கிளினிக் வியாழக்கிழமை மட்டும்தான். இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எனக்கு ஒரு நாள் வேலையும் பஸ் காசும் மிஞ்சியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி நாள் மாறும், அதனால் போகுமுன் யாரிடமாவது கேட்டுவிட்டுப் போங்கள். யாரிடமும் கேட்கக் கூசியதுதான் நான் செய்த முதல் பிழை.

2024 நவம்பர் கடைசி மழையில் மூன்று ஏக்கர் காலபோகப் பயிர் தண்ணீருக்குள் போனது. உழவு இயந்திரத்துக்கு லீசிங் கட்ட வேண்டும், பசளைக் கடைக்கும் கடன். இந்தக் கதை வன்னியில் பாதி வீடுகளில் இருப்பதுதான், நீட்டவில்லை. தை மாதத்திலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடக்கும், கை குளிரும். விடியும் வரை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நெஞ்சுதானே என்று ஆஸ்பத்திரி ஓபிடிக்கு, அதுதான் வெளிநோயாளர் பிரிவுக்கு, போனேன். ஈசிஜி எடுத்தார்கள், பிழை இல்லை. கேஸ்ட்ரிக் என்று குளிசை தந்தார்கள். இரண்டு மாதத்தில் மூன்று தடவை போய் மூன்று தடவையும் கேஸ்ட்ரிக் குளிசையோடு திரும்பினேன். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. நித்திரை இல்லை என்பதை நான் வாய் திறந்து சொல்லவே இல்லை. நெஞ்சு, வயிறு என்று மட்டும் சொன்னால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும்தான் மருந்து கிடைக்கும்.

அம்மா வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போய் நூல் கட்டுவித்தார். அன்று கோயில் மணலில் படுத்து நாலு மணி நேரம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன், அதை மறைக்க மாட்டேன். மறுநாள் பழையபடி இரண்டு மணிக்கு விழிப்பு. இதற்கிடையில் கண்டவர் எல்லோருக்கும் ஒரே மருந்துதான். "யோசியாதை தம்பி." "கனக்க யோசிக்கிறாய், அதுதான்." ஏதோ நான் ஆசைப்பட்டு யோசிப்பதுபோல.

கடைசியில் பிள்ளையைப் படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர்தான் உளநலக் கிளினிக் இருக்கிறது என்று சொன்னார். திங்கட்கிழமை போனேன். கவுண்டரில் இருந்த தம்பி தலையைத் தூக்காமலே, "இண்டைக்கு இல்லை அண்ணை, வியாழன் வாங்கோ" என்றான். என்ன கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

வியாழன் போனேன். அதே தம்பிதான். "கடிதம் எங்கை?" ஓபிடி டொக்டரின் கடிதம் வேண்டுமாம். அது சரி, ஆனால் அதை மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "மனநோய்க் கிளினிக்குக்குக் கடிதம் இல்லாமல் நம்பர் தரேலாது" என்று கத்தினான் பாருங்கள், அதைத்தான் இன்னும் மறக்கவில்லை. எங்கள் கமக்காரர் அமைப்புப் பொருளாளர் மருந்து யன்னலடியில் நின்றார். திரும்பிப் பார்த்தார். எனக்குக் கால் கூசியது. ஓபிடி வரிசையில் நின்று கடிதம் எடுத்து வர பதினொன்றரை. நம்பர் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இனிப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வியாழன் ஐந்தரை பஸ்ஸுக்கு என்னை எழுப்பி, கடிதத்தையும் அடையாள அட்டையையும் பழைய ஈசிஜியையும் ஒரு பைக்குள் வைத்துத் தந்தாள். நம்பர் 14. வாங்கில் போய் இருந்தால், இரண்டு பேர் தள்ளிப் பொருளாளர். கையில் கிளினிக் கொப்பி, ஓரமெல்லாம் கிழிந்த பழைய கொப்பி. இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்தோம். பிறகு அவர்தான், "முதல்ல ரத்தம் எடுக்கச் சொல்லுவினம், சாப்பிட்டிட்டு வந்தனீரோ?" என்று கேட்டார்.

ரத்தம் எடுத்தது தைரொயிட்டுக்காக. தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பு வருமாம். எனக்கு அதில் பிழை இல்லை.

டொக்டர் என் வயதுக்காரர். யோசிக்க வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் காத்திருந்தேன். அவர், "என்ன யோசிக்கிறீங்கள்?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கடனைச் சொன்னேன். மழைச் சத்தம் பிடிக்காது என்றும் சொன்னேன், எப்போதிருந்து என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லப் போய் 2009 யுத்தத்துக்குப் போய்விட்டேன். தறப்பாளில் மழை விழும் சத்தம், பங்கருக்குள் முழங்கால் வரை தண்ணீர். அதுவரை மனைவிக்கும் முழுதாகச் சொன்னதில்லை. எல்லாம் யுத்தத்தால் வந்தது என்று அவர் அமத்திவிடவில்லை. பழையதும் இருக்கு, லீசிங்கும் இருக்கு, இரண்டையும் பார்ப்போம் என்றார்.

இனி மருந்துக் கதை. எழுதியது இரண்டு. யன்னலில் இருந்தது ஒன்று. மற்றதுக்கு வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள். மூன்றாவது பார்மசியில்தான் கிடைத்தது. ஊருக்குப் போய் வாங்கலாம் என்று டவுணை விட்டு வெளிக்கிடாதீர்கள். முதல் பத்து நாள் ஓங்காளம், படபடப்பு இன்னும் கூடியது. வேலை செய்ய இரண்டு மூன்று கிழமை எடுக்கும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால்தான் எறியாமல் வைத்திருந்தேன். நாலாம் கிழமை ஒரு நாள் விழித்துப் பார்த்தால் ஐந்து மணி. கோழி கூவுகிறது. மனைவியை எழுப்பி மணியைக் காட்டினேன். அவள் திட்டினாள்.

அப்புறம் என் கெட்டித்தனம். சுகமாகிவிட்டது என்று நானே குளிசையை நிற்பாட்டினேன். சில நாளில் தலை சுற்று, தலைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் ஒரு வெட்டு. திரும்பப் போனேன், கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு. அன்று டொக்டரிடம் வாங்கிய ஏச்சை இங்கே எழுதவில்லை. குளிசையை நிற்பாட்டுவதென்றால் அவர்கள் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

சாவது மேல் என்ற நினைப்பு வந்தால் வியாழக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். எந்த நாளும் எந்த நேரமும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது. எனக்கும் அந்த நினைப்பு வந்தது. பூச்சிமருந்துப் பெட்டியின் திறப்பு இப்போது மனைவியிடம்.

டொக்டர் சொல்லி உளவளத்துணையாளரிடமும் போனேன். ஆஸ்பத்திரி தூரமென்றால் உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள், பல இடங்களில் இருக்கிறார்கள். நான் போன உளவளத்துணையாளர் அக்கா முதலில் செய்யச் சொன்னது கடன் முழுவதையும் மனைவிக்கு முன் கொப்பியில் எழுதுவது. எழுதினேன். இரண்டு கடன் அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. லீசிங் கந்தோருக்கு இரண்டு பேருமாகப் போனோம். தவணையைக் கொஞ்சம் நீட்டித் தந்தார்கள்.

இரண்டாவதுதான் எனக்குப் பகிடியாக இருந்தது. "யோசியுங்கோ, ஆனால் பின்னேரம் அஞ்சு மணிக்கு, அரை மணித்தியாலம் மட்டும். இரவில வந்தா, நாளைக்கு அஞ்சு மணிக்கு வா எண்டு சொல்லுங்கோ." முதல் கிழமை வெட்கமாக இருந்தது. இப்போது பின்னேரம் கொப்பியோடு வேம்படியில் போய் இருக்கிறேன். சில நாள் எழுத ஒன்றும் இருக்காது, வயலைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மறந்துபோய் வேறு வேலை பார்த்தால் குசினிக்குள் இருந்து சத்தம் வரும்:

"இஞ்சரப்பா, அஞ்சு மணியாச்சு. இண்டைக்கு யோசிக்கேல்லையோ?"