மீன் ஏலக் கணக்கை எக்செல்லிலிருந்து மைஎஸ்கியூஎல்லில் ஏற்றும்போது

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் எக்செல்லில் எழுதி வைத்த ஏலக் கணக்கையும் சங்க உறுப்பினர் பட்டியலையும் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஏற்றும்போது, எரர் வந்து நின்றால் பயமில்லை. சத்தமில்லாமல் தப்பாக ஏறுவதுதான் ஆபத்து.

ஆதார் எண் 12 இலக்கம். கட்டம் ‘ஜெனரல்’ வடிவில் இருந்தால் எக்செல் அதை 1.23457இ+11 என்று சுருக்கிக் காட்டும். சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமித்தால் கண்ணில் தெரிவதுதான் கோப்புக்குள் போகும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், 16-வது சுழியாகிவிடும். முன்னால் நிற்கும் சுழிகளும் உதிரும். அப்புறம் ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றினாலும் போனது போனதுதான். நெடுவரிசையை முதலில் டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, பாஸ்புக்கைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

தேதியில், கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05-07-2024 என்பது மே 7 ஆகிவிடும். 13-07-2024 தேதியாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். கட்டத்தைப் பாருங்கள்: தேதி வலப்பக்கம் ஒட்டியிருக்கும், எழுத்து இடப்பக்கம். இரண்டும் கலந்திருந்தால் ஏற்றாதீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்றே சேமியுங்கள். வெறும் சிஎஸ்வியில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். டேபிளின் எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1 போலத் தமிழை ஏற்காததாக இருந்தால் 1366 எரர் வரும்; யூடிஎஃப்8எம்பி4 என்று வையுங்கள். 1406 வந்தால் நீளம் போதவில்லை. ‘பாம்பன்’ நமக்கு 4 எழுத்து. மைஎஸ்கியூஎல் துணைக்காலையும் புள்ளிகளையும் தனியே எண்ணி 7 என்கிறது. பெயர் நெடுவரிசைக்கு வார்சார்(20), அதாவது 20 எழுத்து வரை கொள்ளும் எழுத்து வகை, வேண்டாம்; 100 வையுங்கள். பழைய கோப்பை ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றியதும் ஆங்கில எழுத்தாகச் சிதறினால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றிப் பயனில்லை.

எல்லா நெடுவரிசையும் வார்சாராக உள்ள தற்காலிக டேபிளில் முதலில் கொட்டுங்கள். ‘12 கிலோ’, ‘1,25,000’ போன்றவற்றை அங்கேயே கண்டுபிடித்துத் திருத்திவிட்டு உண்மையான டேபிளுக்கு நகர்த்துங்கள். அவசரப்பட்டு, எரர்களை வார்னிங்காக்கிவிட்டு ஏற்றும் ‘இன்சர்ட் இக்னோர்’ கட்டளை போட்டால் 1,25,000 ரூபாய் வெறும் 1 ரூபாயாக ஏறிவிடும். சிஎஸ்வி கோப்பை நேராக ஏற்றும் ‘லோடு டேட்டா லோக்கல்’ கட்டளையும் பல எரர்களை வார்னிங்காக்கிக் கடந்துவிடும். முடிந்த கையோடு ‘ஷோ வார்னிங்ஸ்’ கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் நாள்வாரியாக மொத்தக் கிலோவையும் தொகையையும் எக்செல்லோடு ஒப்பிடுங்கள். சில நாட்கள் மட்டும் இடித்தால், நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.