உட்கார்ந்தால் பழுப்பு, பறந்தால் பச்சை

காட்டோடையின் மேல் மரகதப் பச்சையாக ஏதோ மின்னி மறையும். பட்டாம்பூச்சி என்று நினைத்துப் பின்னால் போனால், பாறை மேல் செம்பழுப்பு நிறத்தில் ஓர் ஊசித்தட்டான் உட்கார்ந்திருக்கும். மின்னியது அதுதான்: நியூரோபேசிஸ் சைனென்சிஸ். 1758இல் லின்னேயஸ் வைத்த பெயரில் சீனா இருந்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, தாய்லாந்து, மலேசியா என்று பரவலாக வாழ்வது.

ஆணின் முன்னிறக்கை கண்ணாடி போன்றது. பச்சை இருப்பது பின்னிறக்கையின் மேற்பரப்பில் மட்டும், அதுவும் அடியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான், நுனி கருமை. உட்காரும்போது இறக்கைகளை முதுகின் மேல் சேர்த்து மூடிக்கொள்வதால் பழுப்பான அடிப்பக்கம்தான் நமக்குத் தெரிகிறது. இந்தப் பச்சை சாயமும் அல்ல. இறக்கைச் சவ்வின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. சாய்ந்து பார்த்தால் நீலமாகும், வெயில் போனால் அணைந்தே போகும்.

பெண்ணுக்கு இந்தப் பளபளப்பு கிடையாது. இறக்கை தேன் நிறம். முன்விளிம்பின் நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி, நுனிக்கருகே இன்னொன்று. அடையாளம் காண இந்தப் புள்ளிகள் போதும். இதன் உறவான வெஸ்டாலிஸ் இனத் தட்டான்களுக்கும் இதைப் போலவே உடல் பச்சைதான், அங்கேதான் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அவற்றின் நான்கு இறக்கைகளும் தெளிவாக இருக்கும் (வெஸ்டாலிஸ் அபிகாலிசுக்கு நுனி மட்டும் கருப்பு), ஓடையை விட்டு நிழலான புதர்களிலும் தென்படும். நம்மாள் ஓடும் தண்ணீரை விட்டு அதிகம் விலக மாட்டான்.

படம் எடுக்கப் போகிறவர்கள் தேங்கிய கசத்தில் நேரத்தைக் கழிக்க வேண்டாம். கற்களுக்கிடையே தண்ணீர் சலசலத்து ஓடும், வெயில் விழும் இடமாகப் பாருங்கள். காலை வெயில் ஏறியதும் ஆண்கள் ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொள்ளும். விரட்டினாலும் பெரும்பாலும் அதே கல்லுக்குத் திரும்பும், அதனால் துரத்துவது வீண். கீழோட்டத்திலிருந்து மேலே நடந்தால் நீங்கள் கலக்கும் சேறு உங்களுக்குப் பின்னால் போய்விடும். உங்கள் நிழல் மட்டும் கல்லின் மேல் விழக் கூடாது.

300 மி.மீ. லென்ஸ் வசதி. கல்லின் மேல் ஃபோகஸை முன்கூட்டியே வைத்துவிட்டு, ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி அல்லது அதைவிட வேகமாக வைத்துக் காத்திருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே இறக்கையை ஒரு நொடி விரித்து மூடும். பெண் வந்தால் பின்னிறக்கைகளை விரித்தபடி முன்னிறக்கைகளால் மட்டும் அடித்துப் பறந்து காட்டும். எடுக்க வேண்டியது அந்தக் கணத்தை. பின்னணித் தண்ணீர் இருட்டாக இருப்பதால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, பச்சையை வெளுக்கடித்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது வெளிச்சம் பாதியாகும் வரை) குறையுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்: கோணம் சற்றுத் தப்பினாலும் இறக்கை கருப்பாகத்தான் பதியும்.

ஓட்டத்தில் ஆடும் நீர்ச்செடிகளையும் வேர்களையும் காலால் மிதிக்காதீர்கள். பெண் முட்டையைச் செருகி வைப்பது அந்தத் தண்டுகளுக்குள்தான். சில சமயம் முழு உடம்போடு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும்.