சாலி ஃபீல்டை வரிசைப்படி பார்த்து வருகிறேன்

ஒரு நடிகையின் படைப்புகளை வெளிவந்த வரிசையிலேயே பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சாலி ஃபீல்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆஸ்கர், மூன்று எம்மி (அமெரிக்கத் தொலைக்காட்சி விருது) பெற்ற இவரைத் தொடக்கத்தில் அமெரிக்காவில் யாரும் நடிகையாகவே மதிக்கவில்லை. அந்த மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

1965இல் வந்த 'கிட்ஜெட்' தொலைக்காட்சித் தொடர் கலிஃபோர்னியாக் கடற்கரைப் பெண்ணின் துள்ளல் கதை. சில பகுதிகளே போதுமானதாக இருந்தன.

அடுத்தது பொறுமைக்குச் சோதனை. 'தி ஃப்ளையிங் நன்' (1967–70) தொடரில் இவர் 90 பவுண்டு எடையுள்ள கன்னியாஸ்திரி. சிறகு போல விரிந்த தலையணியில் காற்று புகுந்தால் போர்ட்டோ ரிக்கோ வானில் பறந்துவிடுவார். இதை மூன்று ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார்கள்! கண்களை அகல விரிப்பதைத் தவிர இவருக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் இதில் மடத்தின் தலைவியாக நடித்த மாடலின் ஷெர்வுட்தான் இவரை ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றவர். ஒருபுறம் கம்பியில் தொங்கல், மறுபுறம் அங்கே நடிப்பாசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க்கிடம் பயிற்சி. அதைத் தெரிந்துகொண்ட பிறகு மிச்சப் பகுதிகளைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

பயிற்சியின் பலன் 1976இல் வந்த 'சிபில்' தொலைக்காட்சிப் படத்தில் தெரிகிறது. பல ஆளுமைகளாகப் பிளவுபட்ட பெண்ணாக இவர். மருத்துவராக ஜோன் வுட்வர்ட். வுட்வர்ட் இதே போன்ற பாத்திரத்துக்காக 1950களிலேயே ஆஸ்கர் வாங்கியவர். அவர் எதிரில் உட்கார்ந்து இதை நடிக்கத் தனித் துணிச்சல் வேண்டும். ஆளுமை மாறும் இடங்களை ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தேன். வசனம் இல்லாமலே யார் வந்திருக்கிறார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

அதே உத்தியை 1979இன் 'நார்மா ரே'யில் செய்தால் எடுபடாது. அங்கே ஒலிதான் காட்சி. அலபாமாவின் ஒபெலைகாவில் ஓர் உண்மையான ஆலையில் எடுத்தது. தொழிற்சங்கம் அமைக்கப் போராடி வேலையிலிருந்து நீக்கப்பட்ட நெசவாலைத் தொழிலாளி நார்மா, அட்டையில் 'சங்கம்' என்று பெரிய எழுத்தில் எழுதி, மேசை மேல் ஏறித் தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்கிறாள். தறிகளின் இரைச்சல் காதைப் பிளக்கிறது. அவள் மெதுவாகச் சுற்றித் திரும்புகிறாள். ஓர் இயந்திரம் நிற்கிறது. பிறகு இன்னொன்று. கடைசியில் ஆலையே அடங்கிவிடுகிறது. இரைச்சல் குறையக் குறைய என் கை தானாக ரிமோட்டில் ஒலியைக் கூட்டியது. வட கரோலினாவில் கிரிஸ்டல் லீ சட்டன் என்ற ஆலைத் தொழிலாளி 1973இல் உண்மையில் செய்தது இது. முதல் ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். பத்து ஆண்டுகளுக்கு முன் வானில் பறந்துகொண்டிருந்தவர் இவர் என்பதை மறந்தே போனேன்.

இரண்டாவது ஆஸ்கரைத் தந்த 'பிளேசஸ் இன் தி ஹார்ட்' (1984) நல்ல படம். எனக்கு அந்த அளவு ஒட்டவில்லை.

வரிசைப்படி பார்த்ததால் எரிச்சலும் வந்தது. 1988இல் 'பஞ்ச்லைன்' படத்தில் டாம் ஹாங்ஸ் இவர்மேல் காதல் கொள்கிறார். 1994இல் 'ஃபாரஸ்ட் கம்ப்' படத்தில் அதே ஹாங்ஸுக்கு இவர் அம்மா! இருவருக்கும் வயது வித்தியாசம் பத்து ஆண்டுகூட இல்லை. இடையில் 'மிஸஸ் டவுட்ஃபயர்' வருகிறது. நம் 'அவ்வை சண்முகி'க்கு மூலம் என்பதால் மீனாவின் இடத்தில் இவரை வைத்தே பார்க்க முடிந்தது. எல்லோரும் சிரிக்கும் படத்தில் ஒருவர் மட்டும் கோபித்துக்கொண்டே இருக்க வேண்டும், நன்றிகெட்ட வேலை. அதைக் கசப்பில்லாமல் செய்திருக்கிறார்.

நாற்பது வயதுகளின் பிற்பகுதியில் சினிமா இவரை அம்மாவாக்கி ஓரம் கட்டியது. தொலைக்காட்சிதான் மறுபடி நல்ல தீனி போட்டது என்பது என் கணிப்பு. 'ஈஆர்' என்ற மருத்துவமனைத் தொடரில் செவிலி ஆபியின் தாயாக, இருமுனை மனநோய் உள்ளவராக வரும் பகுதிகள் (2000–01) இப்போது ஓடிக்கொண்டிருக்கின்றன. உற்சாகம் கட்டுமீறப்போவதை மகளின் முகத்தில் முதலில் பார்த்துவிட்டு, பிறகுதான் நம் பார்வை தாயிடம் போகிறது. இரண்டாவது எம்மி இதற்குத்தான்.

மூன்றாவது எம்மியைத் தந்த 'பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்' ஐந்து சீசன்கள் நீளம். அதற்கு முன்பே 'லிங்கன்' (2012) படத்துக்குத் தாவிவிடலாமா என்ற சபலம் இருக்கிறது. வரிசையை மீறுவதாக இல்லை. ஐந்து சீசன்களையும் பார்த்துவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.